தோல்வியை யார் தலையில் கட்டினார்கள்?



கால்பந்து பற்றிப் பேசப்போறேன்னதும் முன்வரிசையில் ரெண்டு பேர் சிரிச்சீங்க. பரவாயில்லை, கேளுங்க. நன்றாக ஆடிய அணி தோற்றால் ‘அதிர்ஷ்டம் இல்லை’ என்று பத்திரிகைகள் எழுதி முடித்துவிடும். அந்த அதிர்ஷ்டம் கடைசியில் யாரைத் தண்டித்தது என்று எழுதாது. 1950இல் பிரேசிலில் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த உலகக் கோப்பையில் பிரேசிலைப் போல ஆடிய அணி வேறில்லை. ஸ்வீடனுக்கு எதிராக 7, ஸ்பெயினுக்கு எதிராக 6. ஐந்து ஆட்டத்தில் மொத்தம் 21 கோல். கடைசி ஆட்டம் ஜூலை 16, ரியோவின் மரக்கானா மைதானத்தில், உருகுவேயுடன். டிக்கெட் வாங்கி வந்தவர்களே 1,73,850 பேர். பிரேசில் ஜெயிக்கக்கூட வேண்டாம், சமன் செய்தாலே கோப்பை. ஆட்டம் தொடங்குமுன்பே ரியோ மேயர் இவர்களை உலக சாம்பியன்கள் என்று வாழ்த்திவிட்டார். அவசரம்!

47ஆவது நிமிடம் பிரேசிலின் ஃபிரியாசா கோல் போட்டார். 66இல் உருகுவேயின் கிஜ்ஜியா வலப்பக்கமாக ஓடிவந்து பந்தை நடுவே தள்ள, ஸ்கியாஃபினோ அதைக் கோலாக்கினார். 79இல் மறுபடியும் அதே பக்கம் கிஜ்ஜியா. இந்தமுறையும் நடுவேதான் தள்ளுவார் என்று கோல்காவலர் பார்போசா ஓரடி நகர்ந்தார். அந்தக் கணிப்பில் என்ன தப்பு? எந்தக் காவலரும் அப்படித்தான் நகர்ந்திருப்பார். ஆனால் கிஜ்ஜியா தள்ளவில்லை. பார்போசாவுக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் அடித்துவிட்டார். 2-1.

21 கோல் போட்ட அணி அன்று ஏன் ஒன்றோடு நின்றது? ஒரே வழியில் இரண்டு தரம் வந்தவரைத் தடுக்கப் பயிற்சியாளர் என்ன ஏற்பாடு செய்தார்? இதையெல்லாம் கேட்டிருக்கணும். ஆனால் விரல் நீண்டது மூன்று பேரை நோக்கி: பார்போசா, பிகோட், ஜுவெனல். மூன்று பேருமே கறுப்பர்கள். சட்டப்படி அடிமைமுறை ஒழிந்து 62 வருஷமே ஆகியிருந்த நாடு அது. கறுப்பர் நெருக்கடியில் கலங்கிவிடுவார் என்ற பழைய பேச்சு மறுபடி கிளம்பியது.

இன்னொண்ணையும் கவனிக்கணும். அணிக்கே மூளையாக இருந்த ஸிஸீனியோவும் ஆப்பிரிக்க வம்சாவளிதான். ஏழு கோல் போட்ட அன்னிக்கு அது யார் கண்ணிலும் படலை; எல்லாரும் பிரேசில்காரங்க. தோத்த அன்னிக்குத்தான் தோல் தெரியுது.

வெள்ளைச் சட்டை ராசியில்லைன்னு மஞ்சளுக்கு மாத்தினாங்க. பார்போசா எதை மாத்துவார்? பயிற்சியாளர் கோஸ்டா சில வருஷத்தில் தேசிய அணிக்கே திரும்பிவந்தார். பிகோட்டும் ஜுவெனலும் அதன்பிறகு நாட்டுக்காக ஆடவே இல்லை. பார்போசாவுக்கு 1953இல் ஒரே ஒரு ஆட்டம்.

1993இல் தேசிய அணியைப் பார்க்கப் பயிற்சி முகாமுக்குப் போனார். கெட்ட சகுனம் என்று உள்ளே விடவில்லை. அப்போது அவருக்கு 72 வயது. பிரேசிலில் எந்தக் குற்றத்துக்கும் அதிகபட்சத் தண்டனை 30 வருஷம், எனக்கு மட்டும் அது முடியவே இல்லை என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார். 2000 ஏப்ரலில் இறந்தார். உலகக் கோப்பையில் பிரேசிலின் முதன்மைக் கோல்காவலராக இன்னொரு கறுப்பர் நின்றது 2006இல். அவர் பெயர் தீதா.