பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு கூடாரம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இராணுவத்தில் பணியாற்றித் திரும்பியோர்க்கு நமது ஜமாஅத் ஆற்றக்கூடிய சேவையைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளேன்.

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப் போரில் ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு தைத்தது. நாயகம் (ஸல்) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே அவர்களுக்குக் கூடாரம் அமைக்கச் செய்தார்கள். அருகிலிருந்து நலம் விசாரிப்பதற்காகவே இவ்வேற்பாடு என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அங்கே காயமுற்றோரைப் பராமரித்தவர் அஸ்லம் குலத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி என இப்னு இஸ்ஹாக் எழுதுகின்றார். கூலிக்காக அன்று, இறைவனிடம் நன்மையை நாடியே அவர் அப்பணியைச் செய்தார். ஸஅது (ரலி) அவர்கள் அக்காயத்தினாலேயே வஃபாத்தானார்கள். ஆயினும் இறுதிவரை அவர்கள் தொழுகையாளிகளின் கண்ணுக்கு மறைவாக வைக்கப்படவில்லை.

நாம் என்ன செய்கிறோம்? 1965-இல் கேம்கரன் பகுதியில் வீரமரணமுற்றுப் பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீதின் பெயரை மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கத்தான் வேண்டும். உயிரோடு திரும்பி வந்தவரையோ குடியரசு தினத்தன்று சால்வையோடு மறந்துவிடுகிறோம்.

பீரங்கிப் படையில் பணிபுரிந்த பெரியவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். எப்போதும் கடைசி ஸஃப்பில் நிற்பார். ஸலாம் சொன்னால் பெரும்பாலும் பதில் வராது. 'பட்டாளத்து மிடுக்கு' என்று பேசிக்கொண்டோம். நானும் பேசியிருக்கிறேன், அல்லாஹ் மன்னிப்பானாக. பீரங்கி ஓசையால் அவரது செவிகள் பழுதுற்றிருந்ததைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். திருமண ஊர்வலத்தில் வெடி வெடித்தால் அவர் எழுந்து சென்றுவிடுவதற்கும் அப்போதுதான் காரணம் விளங்கிற்று. உடற்காயத்தைப் போலவே உள்ளத்தின் காயமும் உண்மையானது. அதனை ஈமானின் பலவீனம் என்று கூறுவது அறியாமை.

காயம்பட்ட வாழ்வு முடிந்துபோன வாழ்வன்று. 1965 போரில் குண்டடிபட்டு உடல் ஊனமுற்ற முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்றார். 1974-இல் புனே அருகே கட்கியில் நிறுவப்பட்ட மறுவாழ்வு மையம், தண்டுவடம் பாதிக்கப்பட்ட படைவீரர்களைப் பேணி வருகின்றது. அத்தகைய மையத்தை நாம் நிறுவ இயலாது. அது நம்மிடம் கேட்கப்படவும் இல்லை.

நம்மால் இயல்வது வேறு. 2003 முதல் முன்னாள் படைவீரர்களுக்கெனப் பங்களிப்பு மருத்துவத் திட்டம் இருக்கிறது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஆனால் முதியவர் ஒருவர் தனியே பேருந்து ஏறி, வரிசையில் நின்று, படிவத்தை நிரப்புவது எளிதன்று. ஓய்வூதிய விவரங்கள் கணினிமயமான பின்னர், உயிர்வாழ் சான்று அளிப்பதற்கே பிள்ளைகளின் உதவி வேண்டியிருக்கிறது. நமது சகோதரி ஒருவருக்குக் குடும்ப ஓய்வூதியம் நீண்டகாலம் தடைபட்டது. கணவரின் பணிப் பதிவேட்டில் அவர் பெயர் ஒருவிதமாகவும், குடும்ப அட்டையில் வேறுவிதமாகவும் இருந்ததே காரணம். ஓர் எழுத்துப் பிழைக்காக அந்த அம்மா இத்தா முடிந்த நாள் முதல் அலைந்தார். உடன் செல்ல நம்மில் எவரும் முன்வரவில்லை. பைத்துல்மாலிலிருந்து அரிசி கொடுத்தோம். அவருக்குத் தேவைப்பட்டதோ எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு துணை.

ஆகவே இளைஞர்களிடம் பணத்தை அல்ல, மாதத்தில் ஒரு முற்பகலைக் கேட்கிறேன். ஒருவருக்கு ஒரு வீடு என்று பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். அவர் போர்க்களத்தைப் பற்றிப் பேச விரும்பினால் கேளுங்கள், விரும்பாவிட்டால் துருவாதீர்கள். பெண்கள் இல்லங்களுக்குச் செல்ல மதரஸா ஆலிமாக்கள் இசைந்துள்ளார்கள். மாற்று மத அண்டை வீட்டாருள்ளும் முன்னாள் படைவீரர்கள் உள்ளனர். அவர்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஸஃப்பின் வலப்புறத்தில், ஒலிபெருக்கிக்கு அருகில், செவித்திறன் குறைந்தோர்க்கு இடம் ஒதுக்குமாறு நிர்வாகத்தை வேண்டுகிறேன். பெயர் தர விரும்புவோருக்காக இஷாவுக்குப் பின் செயலாளர் அவர்கள் பதிவேட்டுடன் அலுவலக அறையில் இருப்பார்கள். வஸ்ஸலாம்.