சொந்த வண்டி யாருக்குச் சொந்தம்?

(மண்டகப்பட்டில் நடைபெற்ற கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் கூடியிருக்கிற இடத்தில் சரக்கு வண்டியைப் பற்றிப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. புதுச்சேரி ஏ.எப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. ஓர் ஆலை மூடப்பட்டால், கணக்குத் தீர்த்துக் கையில் கிடைத்த பணம் எங்கே போகிறது? மகன் வாங்கும் குட்டி யானைக்கு முன்பணமாகப் போகிறது. கழனியில் வேலை குறைந்தால், மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. ஒரு வண்டி வீட்டு வாசலுக்கு வருகிறது. ஊரார் அன்று முதல் அவனை “முதலாளி” என்கிறார்கள்.

அவன் முதலாளியா? மாதம் பிறந்தால் டியூ கட்டுகிறவன் அவன். டீசல், டயர், இன்சூரன்ஸ், எப்.சி. எல்லாம் அவன் தலையில். ஆனால் எந்த லோடு, என்ன வாடகை, எத்தனை மணிக்குள் சேர வேண்டும் என்று தீர்மானிப்பவன் வேறொருவன். நஷ்டத்தில் மட்டும் முதலாளி, மற்றதிலெல்லாம் கூலி! ஆகவே எந்த டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் வண்டியைச் சேர்ப்பது என்பது குடும்பத்தின் சோற்றுப் பிரச்னை.

பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? “கிலோமீட்டருக்கு எவ்வளவு தருவீர்கள்?” என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு லோடு ஏற்றுகிறார்கள். இது போதாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கிருந்து சென்னைக்கு 150 கிலோமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். ஒரு கம்பெனி கிலோமீட்டருக்கு 24 ரூபாய் தருகிறது. ஆனால் திரும்பி வர லோடு கிடையாது. கைக்கு 3,600 ரூபாய். ஓடியதோ போக வர 300 கிலோமீட்டர். இன்னொரு கம்பெனி 18 ரூபாய்தான் தருகிறது. ஆனால் திரும்பும்போது 1,500 ரூபாய்க்கு லோடு தருகிறது. கைக்கு 4,200 ரூபாய். முதல் கம்பெனியின் 24 ரூபாய் உண்மையில் 12 ரூபாய். இரண்டாவது கம்பெனியின் 18 ரூபாய் உண்மையில் 14 ரூபாய். காலி வண்டிக்கும் டீசல் வேண்டும், தோழர்களே! எனவே சொல்லும் வாடகையைப் பார்க்காதீர்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் பாருங்கள்.

முதல் லோடுக்கு முன்பே கேட்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, கம்பெனி பதிவு பெற்றதா? பிறர் சரக்கை ஏற்றி அனுப்புவதைத் தொழிலாக நடத்துவோர் பதிவு செய்ய வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டம் சொல்கிறது. இது 2011 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. பதிவு எண்ணைச் சொல்லத் தயங்கும் கம்பெனி பாக்கி வாடகையையும் தரத் தயங்கும்.

இரண்டாவது, எதைப் பிடிப்பீர்கள்? கமிஷன் எவ்வளவு? ஏற்றுகூலி இறக்குகூலி யாருடையது? சுங்கம் யார் கட்டுவது? கிடங்கு வாசலில் காத்துக் கிடந்தால் ஹால்டிங் உண்டா? எத்தனை மணிக்குப் பிறகு? வரிப் பிடித்தம் என்று சொன்னால் அதையும் கேளுங்கள். பத்துக்கு மேல் சரக்கு வண்டி இல்லாதவர் பான் எண்ணும் உறுதிமொழியும் கொடுத்தால், வாடகையில் வரி பிடிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பணம் எப்போது? உத்யம் பதிவு செய்துகொண்ட சிறு தொழில்காரருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி. இது 2006ஆம் ஆண்டின் சட்டம். இந்தப் பதிவுக்குக் கட்டணமில்லை. முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும்.

நான்காவது, அதிக எடை. எடைச்சீட்டு இல்லாமல் வண்டியை நகர்த்தாதீர்கள். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்ட வைப்பவரும் குற்றவாளி என்கிறது சட்டம். ஆனால் ரோட்டில் பிடிபடுவது யார்? நம் பையன்தான்.

ஐந்தாவது, அவசர லோடு. பூ, காய்கறி, மருந்து, எந்திர உறுப்பு என்று அவசரச் சரக்குக்கு வாடகை கூடுதல்தான். ஆனால் “விடிவதற்குள் சேராவிட்டால் பாதி வாடகை வெட்டு” என்றால் அது வாடகை அல்ல, உயிருக்குப் போட்ட விலை. ஈ-வே பில்லுக்கே 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் தவணை தருகிறது சர்க்கார். கூலிக்கு ஓட்டுபவருக்கு நாளுக்கு 8 மணி என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. சொந்த வண்டிக்காரனுக்குத் தூக்கம் வராதா என்ன? ஏற்றுவதில் தாமதம் செய்துவிட்டு, அந்த நேரத்தை டிரைவரின் தூக்கத்தில் பிடிக்கும் கம்பெனி நியாயமான கம்பெனி அல்ல.

இவையெல்லாம் வாய்ப்பேச்சாக இருந்தால் பயனில்லை, எழுத்தில் வேண்டும். நம் ஊர்க் குகைக் கோயிலைப் பாருங்கள். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. இவை இல்லாமல் செய்வித்தேன் என்று மகேந்திரவர்ம பல்லவன் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தான். எது சேரவில்லை என்பதைக்கூட எழுதி வைத்தான்! எதெதைப் பிடிக்க மாட்டோம் என்று ஒரு தாளில் எழுதித் தர ஒரு கம்பெனிக்கு என்ன கஷ்டம்?

அமெரிக்காவிலும் சொந்த லாரி ஓட்டுபவர் ஏராளம். 1973 டிசம்பரில் டீசல் விலை ஏறியபோது அவர்கள் நெடுஞ்சாலைகளில் லாரிகளைக் குறுக்கே நிறுத்தினார்கள். 1979இலும் வண்டிகளை நிறுத்தினார்கள். அதே 1979இல் அந்நாட்டில் ஒரு விதி வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; பிடித்தங்கள் அதில் காட்டப்பட வேண்டும்; சீட்டுகளைக் கொடுத்த 15 நாளில் பணம் தர வேண்டும்; வாடகையில் இத்தனை சதவீதம் என்று பேசியிருந்தால், சரக்குக்காரர் கம்பெனிக்குக் கொடுத்த பில்லின் நகலையே காட்ட வேண்டும். முதலாளித்துவ நாட்டிலேயே கேட்கலாம் என்றால், இங்கே கேட்டால் குற்றமா?

தனியாகக் கேட்டால், “உனக்கு வேண்டாமென்றால் பத்து வண்டி நிற்கிறது” என்பார்கள். அது உண்மைதான். ஆகவே அந்தப் பத்து வண்டிக்காரரையும் முதலில் பாருங்கள். ஆபீசில் விசாரிப்பதைவிட, அங்கே ஏற்கெனவே ஓட்டுகிற மூன்று பேரிடம் டீக்கடையில் விசாரியுங்கள். போன மாதப் பணம் வந்ததா என்று கேளுங்கள். பிறகு நாலு பேராகப் போங்கள். ஒரே நிபந்தனையை வையுங்கள். அடுத்தவன் வாடகையை அறுத்து லோடு பிடிப்பதில்லை என்று உறுதி செய்யுங்கள்.

ஆலைத் தொழிலாளிக்கு இது புதிதல்ல. கூலி உயர்ந்தது ஒருவர் கேட்டதாலா, எல்லோரும் கேட்டதாலா என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பாடத்தை உங்கள் வீட்டு வண்டிக்காரப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் அவன் பெயர் இருந்தால் போதாது. அதன் வருமானமும் அவனுடையதாக இருக்க வேண்டும்.