ஆடுகளத்தில் மனிதனும் இயந்திரமும்

(எமது சங்க மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமயமும் தமிழும் பேசிப் பழகிய இம்மேடையிலே சதுரங்கத்தையும் கணனியையும் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் காரணம் உண்டு. அறிவுக்கு அளவுகோல் என்று மனிதன் போற்றிவந்த ஆட்டங்களிலே, அவன் கையால் ஆக்கிய இயந்திரமே அவனை வென்றுவிட்டது. அப்படியாயின் அவ்வாட்டங்களை இனி ஏன் பயில வேண்டும்? இயந்திரம் நொடியில் விடை சொல்லும்போது, முயன்று, தோற்று, மீண்டும் முயன்று எதனையேனும் கற்பதுதான் எதற்கு? இளைஞர் பலர் இவ்வாறு கேட்கின்றனர். இது விளையாட்டைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. கல்வியைப் பற்றிய கேள்வி. ஆதலின் நடந்தது என்ன என்பதை முதலில் முறையாக அறிந்துகொள்வோம்.

1770ஆம் ஆண்டில் வொல்ப்காங் வொன் கெம்பலன் என்பவர் ஒஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் சபையிலே துருக்கிய உடையணிந்த ஒரு பொம்மையைக் கொண்டுவந்து வைத்தார். அது தானாகவே சதுரங்கம் ஆடுவதாகச் சொல்லப்பட்டது. பல்லாண்டுகள் ஐரோப்பாவே அதனைக் கண்டு அதிசயித்தது. உண்மையில் பெட்டிக்குள்ளே கைதேர்ந்த மனிதன் ஒருவன் மறைந்திருந்து ஆடினான். இயந்திரத்துக்குள் மனிதன் ஒளிந்திருந்த அக்கதையை நினைவில் வைத்திருங்கள். அது பின்னர் எமக்கு வேண்டும்.

மெய்யான முயற்சி இருபதாம் நூற்றாண்டில் தொடங்கியது. 1950இல் அமெரிக்க அறிஞர் குளோட் ஷனன், கணனியைச் சதுரங்கம் ஆடச் செய்யும் வழியை ஒரு கட்டுரையில் விளக்கினார். வழி எளிதாகவே தோன்றும். நான் இப்படி நகர்த்தினால் எதிரி எப்படியெல்லாம் நகர்த்தலாம், அதற்கு நான் என்ன செய்யலாம் என்று கிளை கிளையாக எண்ணிச்சென்று, இறுதியில் நிற்கும் நிலைகளுக்குப் புள்ளியிட்டு, சிறந்ததைத் தெரிவதே அது. ஆனால் வெள்ளைக்கு முதல் நகர்த்தலில் 20 வழிகள், கறுப்புக்கும் 20. ஆளுக்கு ஒருமுறை நகர்த்தியதுமே 400 நிலைகள் உண்டாகின்றன. அப்பால் அவை இலட்சம், கோடி என்று பெருகும். ஆகவே வேகம் மிக்க கணனி வரும்வரை மனிதன் அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

முதலில் சோதனைக்குள்ளானது, எம்மவர் 'தாம்' என்று வழங்கும் டிராப்ட்ஸ் ஆட்டம். அதில் நிகரற்றவர் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் மரியன் ரின்ஸ்லி. நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் அவர் தோற்ற ஆட்டங்கள் பத்துக்கும் குறைவு. கனடாவின் அல்பேட்டா சர்வகலாசாலையில் ஜொனதன் ஷேபர் குழுவினர் ஆக்கிய 'சினூக்' என்னும் நிரலோடு 1990இல் அவர் ஆடியபோது, பத்தாவது நகர்த்தலிலேயே, இதற்காக வருந்துவீர்கள் என்றாராம். இருபத்தாறு நகர்த்தல்களின் பின் சினூக் தோல்வியை ஒப்புக்கொண்டது. 1992இல் இலண்டனில் நடந்த போட்டியிலும் 4 வெற்றி, 2 தோல்வி, 33 சமநிலை என்ற கணக்கில் அவரே வென்றார். சினூக்கை ஆக்கியவர் ஜொனதன், தம்மை ஆக்கியவர் ஆண்டவர். ஆதலின் தம்மை ஆக்கியவரே சிறந்தவர் என்று கூறிய பக்தர் அவர். 1994இல் பொஸ்ரனில் மீண்டும் சந்தித்தபோது ஆறு ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. அதன்பின் நோயுற்று விலகியவர் அடுத்த ஆண்டு காலமானார். 2007இல் ஷேபர் குழுவினர், இருவரும் பிழையின்றி ஆடினால் அவ்வாட்டம் சமநிலையிலேயே முடியும் என்று நிறுவினர்.

அடுத்தது சதுரங்கம். 1996இல் பிலடெல்பியாவில் உலக வீரர் கரி கஸ்பரோவ், ஐ.பி.எம். கொம்பனியின் 'டீப் புளூ' கணனியை 4க்கு 2 என்ற புள்ளிகளில் வென்றார். மறு ஆண்டு மே மாதம் நியூயோர்க்கில் அது திருந்தி வந்தது. விநாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் ஆற்றல் அதற்கு இருந்தது. முதலாட்டத்தை வென்ற கஸ்பரோவ் இரண்டாவதில் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்நிலையைச் சமநிலையாக்கும் வழி இருந்தது என்பது பின்னரே தெரியவந்தது. மனங்கலங்கிய அவர், இயந்திரத்துக்குப் பின்னால் மனிதனொருவன் இருக்கிறானோ என்று ஐயுற்றார். பழைய துருக்கிப் பொம்மையின் நிழல் இங்கே விழுவதைப் பாருங்கள்! அடுத்த மூன்றும் சமநிலை. ஆறாவது ஆட்டம் 19 நகர்த்தல்களில் முடிந்துவிட்டது. 3½க்கு 2½ என்று இயந்திரம் வென்றது. அவரைத் தோற்கடித்தது கணக்கின் வேகம் மட்டுமன்று. கஸ்பரோவின் உள்ளத்துக் கலக்கமும் அதற்குத் துணைசெய்தது என்றே நாம் கருதுகிறோம்.

'கோ' என்னும் சீனத்து ஆட்டமாவது மனிதனுக்கு எஞ்சும் என்று பலர் நம்பினர். 361 சந்திகள் கொண்ட அப்பலகையிலே கிளைகளை எண்ணி முடிப்பது இயலாது. ஆகவே 'அல்பாகோ'வை ஆக்கியவர்கள் வேறு வழியை நாடினர். தேர்ந்த வீரரின் ஆட்டங்களைக் காட்டிப் பழக்கி, பின் தன்னோடு தானே ஆடித் தேறவிட்டனர். 2016 மார்ச்சில் சியோல் நகரில் தென்கொரிய வீரர் லீ செடோல், தாமே எளிதில் வெல்வார் என்று எண்ணிக் களமிறங்கி முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்தார். அப்பொழுது அவர், தோற்றவன் லீ செடோல், மனித குலமன்று என்று பணிவோடு சொன்னார். நான்காம் ஆட்டத்தில் அவர் வைத்த 78ஆவது கல், இயந்திரம் எதிர்பாராதது. அவ்வாட்டத்தை அவரே வென்றார். முடிவு 4க்கு 1. மறு ஆண்டு வந்த 'அல்பாகோ சீரோ' மனிதர் ஆட்டம் எதனையும் பாராமல், மூன்று நாள் தன்னோடு தானே ஆடி, லீயை வென்ற பழைய நிரலை 100க்கு 0 என்று தோற்கடித்தது. வெல்ல முடியாத ஒன்று வந்துவிட்டது என்ற மனநிலையில் லீ 2019இல் ஓய்வு பெற்றார்.

பெரியோர்களே, இவ்வரலாற்றில் ஒரு பாடம் மறைந்திருக்கிறது. "இயந்திரத்தால் இது முடியாது" என்று மனிதன் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு கீறினான். ஒவ்வொரு முறையும் அது அக்கோட்டைக் கடந்தது. இயந்திரம் சடம், ஆன்மா சித்து என்று எமது சித்தாந்தம் கூறுவது உண்மை. ஆனால் அவ்வுண்மையைச் சொல்லி ஆறுதலடைந்து கைகட்டி இருப்போமாயின் அது சோம்பலேயன்றி ஞானமாகாது. எமது பெருமையை வெற்றியில் வைத்தோம், அதுவே பிழை. மனிதனின் பெருமை, தானே முயன்று தானே அறிவதில் இருக்கிறது. டீப் புளூ வென்றபோது அது மகிழவில்லை. கஸ்பரோவ் தோற்றபோது அவர் வருந்தினார். வருந்திய நெஞ்சம் கற்றுக்கொண்டும் இருந்தது. ஆட்டத்தின் பயன் ஆடுபவனுக்குள்ளே விளைவது.

சோழநாட்டில் நீடாமங்கலத்துக்கு அண்மையில் திருப்பூவணூர் என்னும் திருத்தலம் உண்டு. அங்கே இறைவன் திருநாமம் சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் எவராலும் வெல்ல முடியாத அரசகுமாரியை, முதிய சித்தராக வந்த சிவபெருமான் ஆடி வென்று மணந்தார் என்று தலவரலாறு கூறும். எவரிடமும் தோற்காத அவளுக்குத் தோல்வியே அருளின் வாயிலாயிற்று. தோல்வியை அவமானமென்று ஓடுபவனுக்கும், அதனை வாயிலாகக் கொள்பவனுக்கும் உள்ள வேறுபாட்டை இக்கதையில் காண்கிறோம்.

இனி இளைஞர்களுக்கு ஒரு சொல். சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024 டிசம்பரில், தமது பதினெட்டாவது வயதில், சிங்கப்பூரில் உலகச் சதுரங்க வாகையர் ஆனார். அவரைப் பயிற்றிய விஷ்ணு பிரசன்னா, தரப்புள்ளி 2500 என்ற அளவை எட்டும்வரை, கணனியின் விடையை நாடாமல் தன் மூளையாலேயே எண்ணிப் பழகும்படி அவரை வளர்த்தார். கணனி கூடாதென்பதல்ல இதன் கருத்து. முதலில் தானே எண்ண வேண்டும். பின்னர் கணனியிடம் சரிபார்க்கலாம் என்பதே. முதலில் விடையைப் பார்ப்பவனுக்கு வினாவே தெரியாமற் போய்விடும்.

இதற்கு மாறான வழியில் சென்றவரும் உளர். 2019இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில், கிராண்ட் மாஸ்டர் பட்டம் பெற்ற ஒருவர் போட்டி நடுவே கழிவறையில் கைத்தொலைபேசியோடு பிடிபட்டு, பட்டத்தையும் இழந்தார். அன்று இயந்திரத்துக்குள் மனிதன் ஒளிந்திருந்தான்; இன்று மனிதனுக்குள் இயந்திரம் ஒளிந்திருக்கிறது. இரண்டும் ஏமாற்று வித்தையே. முன்னதில் ஏமாந்தவர் பார்வையாளர். பின்னதில் முதலில் ஏமாறுபவன் ஆடுபவனே. ஏனெனில் தனக்கு வந்திருக்க வேண்டிய அறிவை அவன் இழக்கிறான். கணனி எழுதிய கட்டுரையைத் தன் பெயரில் ஆசிரியரிடம் கொடுக்கும் மாணவன் நிலையும் இதுவே. புள்ளி கிடைக்கும்; கல்வி கிடையாது.

ஆதலின் வாலிப அன்பர்களே, மண்டபத்து மேசையில் சதுரங்கப் பலகையை விரியுங்கள். பெரியோர் சிறியோரோடு அமர்ந்து ஆடுங்கள். தோற்றால் எங்கே பிசகினோம் என்று முதலில் நீங்களே எண்ணிப் பாருங்கள்; அதன்பின் கணனியைக் கேளுங்கள். மோட்டார் வண்டி மனிதனைவிட விரைந்து ஓடுகிறது என்பதற்காக எவரும் ஓட்டப்பந்தயத்தைக் கைவிடவில்லை. ஓடுபவனின் கால்தானே வலிமை பெறுகிறது? சிந்திப்பவனின் சிந்தையும் அவ்வாறே. அதனை மற்றொருவர் பயின்று எமக்குத் தர முடியாது. இயந்திரமும் தர முடியாது.