கூடையும் குலமும்

(அம்பத்தூரில் கூடிய நம் சங்கத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற கூட்டத்திலே ஓர் இளைஞர் எழுந்து, "கூடை முடைவோர் என்னும் பேச்சே இனி நம்மிடையே எழலாகாது, அதுவே நமக்கு இழிவைத் தேடித் தந்தது" என்றார். சபையிற் பலர் கை தட்டினர். முதியோர் சிலர் தலை குனிந்தனர். இரு திறத்தாரும் நம்மவரே. கை தட்டினோர் மனத்திலுள்ள புண்ணும், தலை குனிந்தோர் கையிலுள்ள தழும்பும் நமக்கே உரியன. ஆதலின் இவ்விஷயத்தை இன்று நிதானமாக ஆராய விரும்புகின்றோம்.

எட்கார் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி வெளியிட்ட நூல், மேதரராகிய நம்மை முறம், கூடை, தொட்டில், பாய், விசிறி முதலியன செய்யும் மூங்கில் வேலையாளர் எனக் குறிக்கின்றது. பிறந்த குழவியை நெல் பரப்பிய முறத்திற் கிடத்துவது நம் நாட்டு வழக்கம். களத்து நெல்லைத் தூற்றியது முறம். மணவீட்டிற்குச் சீர் சுமந்தது கூடை. முடிவில் மனிதனைச் சுமக்கும் பாடையும் மூங்கிலே. பிறப்பு முதல் இறப்பு வரை ஊரார் நம் கைப்பொருளைக் கொண்டே வாழ்ந்தனர். ஆயினும் நம்மை உடன் அமர்த்தத் தயங்கினர். அங்ஙனமாயின் இழிவு கூடையிலிருந்தா வந்தது?

சமயப் பெரியோர் கூடையை இழிவென்று கருதினாரல்லர். மதுரையிற் பிட்டுக்கு மண் சுமந்த பெருமான் தலையிற் கொண்டது கூடையே. நமக்கு அண்மையிலுள்ள பூந்தமல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள், அங்கே நந்தவனம் அமைத்து, அம்மலர்களைக் காஞ்சி வரதராசருக்குக் கொண்டுசென்று தொண்டு புரிந்தார் என்பது வைணவ மரபு. 12ஆம் நூற்றாண்டிலே கன்னட நாட்டிற் பசவண்ணரைச் சூழ்ந்திருந்த சரணர்களுள் மேதர கேதய்யா ஒருவர். அவர் கூடை முடைந்தே பிழைத்தவர். அத்தொழிலையே வழிபாடாகக் கொண்டவர்.

அறிவில்லாதார் செய்யும் தொழில் இது என்பாரும் உளர். அவர் ஒரு கூடை முடைந்து பார்ப்பாராக. மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது. முளைத்த சில மாதங்களிலேயே கழி முழு உயரம் பெறும். ஆயினும் அது முற்ற மூன்று நான்கு ஆண்டு செல்லும். இளங்கழி காய்ந்தாற் சுருங்கும். கழியிலுள்ள மாவுச்சத்தை நாடியே வண்டு துளைக்கின்றது. அச்சத்துக் கரையும்பொருட்டே நம் முன்னோர் வெட்டிய கழியை நீரில் ஊறப்போட்டனர். கணுவறிந்து பிளந்து, தோற்பக்கத்தை வேறாகவும் உட்பக்கத்தை வேறாகவும் சீவி, வலிவு வேண்டும் அடிக்கும் விளிம்பிற்கும் தோற்பக்கத்தையே வைத்தனர். வட்டக் கூடைக்கு நிற்கும் குச்சிகள் ஒற்றைப்படையாயிருந்தாலன்றி, சுற்றிவரும் ஒரே சிம்பு ஒரு சுற்றில் உள்ளும் மறு சுற்றில் வெளியுமாக மாறி வராது. எழுத்தறியாத நம் பாட்டிமார் இக்கணக்கை விரலிலேயே வைத்திருந்தனர்.

இத்தொழில் நலிந்த காரணங்கள் வெளிப்படை. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின்படி காடுகள் காப்புக்காடுகளானபின், மூங்கில் வெட்டுதற்கு அனுமதி வேண்டியதாயிற்று. பின்னர் நம் சுற்றுப்புறமும் மாறிற்று. 1960ஐ அடுத்த ஆண்டுகளில் ஆவடியிற் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. வயல்கள் மனைகளாயின. களம் போனபின் முறம் யாருக்கு வேண்டும்? மண் சுமக்க இரும்புச் சட்டியும், காய்கறிக்குப் பிளாஸ்டிக் கூடையும் வந்தன. நம் பிள்ளைகள் ஆலைகளுக்குச் சென்று மாதச் சம்பளம் பெற்றனர். அதனைக் கண்டு நாம் மகிழ்ந்தோமேயன்றி வருந்தவில்லை.

இழிவின் வேர் எங்கே என்பதற்கு ஒரு சரித்திரம் கூறுவோம். 1953இல் இராஜாஜி அரசாங்கம் கொணர்ந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்திற் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பயில வகை செய்தது. அதற்குப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. எதிர்த்தோர் வெறுத்தது கூடையை அன்று. கூடைக்காரன் மகன் கூடைக்காரனாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதியை. வேண்டி ஏற்றால் கலையாவது, பிறப்பினாற் சுமத்தினால் விலங்காகின்றது. ஆதலின் தொழிலை அழித்து இழிவைப் போக்க எண்ணுதல், காலில் முள் தைத்ததற்குக் காலையே வெட்டுவது போலாம். தொழிலைப் பிறப்பினின்றும் பிரித்தலே முள்ளை எடுக்கும் வழி.

அதன்பொருட்டு நாம் செய்யத்தக்கவை சில. முதலாவது, நம் பிள்ளை எவரும் கூடைக்காகப் பள்ளியை ஒரு நாளும் விடலாகாது. விருப்பமுடையார் விடுமுறையிற் கற்கலாம். இரண்டாவது, எக்குலத்தார் வரினும் இக்கலையைக் கற்பிக்கும் ஆசிரியராக நாம் விளங்குதல் வேண்டும். மூன்றாவது, மூங்கிலைப் பலர் கூடி மொத்தமாக வாங்குதல் வேண்டும். நான்காவது, விலை. சாலையோரத்தில் மாலை வரை அமர்ந்து, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகின்றோம். கழியின் விலையோடு, பிளந்தது முதல் விளிம்பு கட்டியது வரை சென்ற நேரத்தின் கூலியையும் சேர்த்தே விலை கூறுதல் வேண்டும். முடைவோர் பெரும்பாலும் நம் பெண்மக்களாதலின், அவ்விலையை அவர்களே நிர்ணயிப்பாராக.

காலமும் சற்று அனுகூலமாயுள்ளது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடுக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டம், கூடை முடைதல் உள்ளிட்ட 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, 50,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியமும் அளிக்க ஏற்பட்டது. 35 வயது நிறைந்தோர்க்கே அது உரியது. குடும்பத் தொழிலாயிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையும் அதில் இல்லை. நாம் இன்று வற்புறுத்தும் கொள்கையும் அதுவே.

இறுதியாக, அன்று எழுந்து பேசிய தம்பிக்கு ஒரு வார்த்தை. உமக்கு விருப்பமில்லையேல் கத்தியைத் தொட வேண்டா. உம்மை எவரும் வற்புறுத்தார். ஆனால் உம் பாட்டியார் விரலிலுள்ள கணக்கை, அவர் இருக்கும்போதே அருகமர்ந்து கேட்டு எழுதி வையும். அவ்வேடு நம் சங்கத்தில் இருக்கட்டும். நாளை எவரேனும் கற்க வந்தால், இது எம் குலத்தார் கண்ட வித்தை என்று தலை நிமிர்ந்து கொடுப்போம்.