ஊர்ச் செய்தி கடைமடை வரை சேர வேண்டும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தில்லியில் நடப்பதும் சென்னையில் நடப்பதும் அன்றன்றே நமக்குத் தெரிந்துவிடுகின்றன. கையடக்கக் கருவி ஒன்றில் உலகச் செய்தி முழுவதும் வந்து குவிகிறது. ஆனால், நம் ஊர்க் கால்வாயின் மதகு என்று திறக்கப்படும், தெருவிளக்குக்குச் சென்ற ஆண்டு எவ்வளவு செலவாயிற்று, குளத்து மடை பழுதாகியிருப்பதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டால், நம்மில் பலர் விடை சொல்ல மாட்டோம். தொலைவில் நடப்பதை அறிந்து, காலடியில் நடப்பதை அறியாமல் வாழ்கிறோம். இந்தக் குறையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

பொதுவாகப் பேசுவதைவிட ஓர் ஊரை எடுத்துக்கொண்டு பேசினால் விளங்கும். தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் உள்ள ஸ்ரீவைகுண்டத்தை எடுத்துக்கொள்வோம். பெருமாள் கோயிலாலும், குமரகுருபரர் பிறந்த ஊர் என்பதாலும் புகழ்பெற்ற பேரூர் அது. ஆனால், உழவர்களுக்கு அந்த ஊரின் பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வருவது அணைக்கட்டுதான்.

தாமிரபரணியில் வழிவழியாக எண்ணப்பட்டுவரும் அணைக்கட்டுகள் 8. அவற்றுள் 7 முற்கால அரசர்கள் காலத்தவை. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் ஆட்சியில், 1870-களில் பயனுக்கு வந்தது. அதிலிருந்து வடகால், தென்கால் என இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. வடகால் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள கோரம்பள்ளம் குளம் வரை செல்கிறது. தென்கால் கடம்பாகுளம் முதலான குளங்களை நிரப்பித் திருச்செந்தூர்ப் பக்கம் செல்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 25,000 ஏக்கர் நிலத்துக்கு நீர் தருகின்றன. காரும் பிசானமும் விளைவது இந்த நீரினால்தான்.

அந்த எட்டில் கடைசியானது இது என்பதைக் கவனியுங்கள். மேலே உள்ளவர்கள் எடுத்தது போக எஞ்சிய நீர்தான் இங்கு வரும். மேலே கலந்த கழிவும், மேலே பெய்த மழையின் வெள்ளமும்கூட இங்குதான் வந்து சேரும். ஆகையால், மேலே நடப்பதை உடனுக்குடன் அறிய வேண்டிய தேவை கீழே உள்ள ஊருக்கு மிகுதியாக உண்டு. தலைமடைக்காரர் செய்தி அறியாமல் இருந்தாலும் பிழைத்துக்கொள்வார். கடைமடைக்காரர் அறியாமல் இருந்தால் பயிரை இழப்பார்.

இந்த ஆற்றங்கரையில் அண்மைக் காலத்தில் நடந்த மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, மணல். ஆற்றில் மணல் அளவின்றி அள்ளப்படுவதைக் கரையோர ஊர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே கண்டு வருந்திக்கொண்டிருந்தன. கிணற்று நீர் இறங்குகிறது என்பது ஓர் ஊரின் குறை. கரை சரிகிறது என்பது இன்னோர் ஊரின் குறை. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த மூத்த அரசியல் தலைவர் இரா. நல்லகண்ணு அவர்கள் 2010-ஆம் ஆண்டில் இந்தக் குறைகளையெல்லாம் ஒரே வழக்காக்கி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குக் கொண்டுசென்றார். தாமே முன்னின்று வாதாடினார். அந்த ஆண்டு டிசம்பரில், தாமிரபரணியில் 5 ஆண்டுகளுக்கு மணல் அள்ளக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது. பல ஊர்களில் சிதறிக் கிடந்த செய்தி ஓரிடத்தில் சேர்ந்தபோதுதான் அதற்கு வலிமை உண்டாயிற்று.

இரண்டாவது, தூர். அணைக்கட்டின் மேற்புறத்தில் ஆண்டுதோறும் மணலும் சேறும் படிந்தன. முட்செடியும் அமலைச்செடியும் மண்டின. நீர் தேங்க வேண்டிய இடத்தில் மேடு நின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் சிறிது சிறிதாக வளர்ந்த குறை இது. 2015-ஆம் ஆண்டில், பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைக்குப் பின்னரே அங்கே தூர் வாரும் பணி தொடங்கியது. மழை ஒரே நாளில் கொட்டினால் எல்லோரும் பேசுகிறோம். தூர் ஆண்டுக்குச் சிறிதளவாக ஏறும்போது யாரும் பேசுவதில்லை. ஊராட்சியின் பதிவேட்டில் ஆண்டுதோறும் ஒரு வரி எழுதி வைத்திருந்தால், இவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்திராது என்று நாம் கருதுகிறோம்.

மூன்றாவது, வெள்ளம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. குளங்கள் உடைந்தன. சாலைகள் அறுந்தன. மின்சாரம் நின்றது. தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டது. ஓர் ஊர் இருக்கிறதா, இல்லையா என்பதே அடுத்த ஊருக்குத் தெரியவில்லை.

அந்த இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் வண்டி, ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. முன்னே இருப்புப்பாதையின் அடியிலிருந்த கல்லையும் மண்ணையும் வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. அந்தச் செய்தி நிலைய அதிகாரியை உரிய நேரத்தில் எட்டியது. அவர் வண்டியை மேற்கொண்டு செல்ல விடவில்லை. 800 உயிர்கள் பிழைத்தன. வெளியிலிருந்து உதவி வந்து சேரும் வரை அந்தப் பயணிகளுக்குச் சோறு சமைத்துப் போட்டவர்கள் பக்கத்திலுள்ள புதுக்குடி ஊர் மக்கள். தங்கள் வீடுகளையும் வெள்ளம் அச்சுறுத்திய வேளையில் அவர்கள் இதைச் செய்தார்கள். அரிசி எந்த வீட்டில் இருக்கிறது, பெரிய பாத்திரம் எங்கே கிடைக்கும், நீரில் இறங்கிச் செல்லத் தக்க வழி எது என்பதை ஊரார்தாம் அறிவார்கள். அந்த அறிவு இருந்தமையால்தான் உதவி உடனே சென்றது. ஊர்ச் செய்தியின் அருமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அன்பர்களே! நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். திருநெல்வேலிக்கு வடக்கே மானூர் என்னும் ஊர் இருக்கிறது. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்பு, பாண்டியர் ஆட்சியில், அவ்வூர்ச் சபையார் தங்கள் கூட்டத்தை நடத்தும் விதிகளைக் கல்லில் பொறித்து வைத்தார்கள். கூட்டத்துக்கு வந்து, எந்தக் காரியத்தை எடுத்தாலும் வேண்டாம், வேண்டாம் என்று மறித்துக்கொண்டே இருப்பவர் 5 காசு தண்டம் செலுத்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவருக்குத் துணை நின்றவர்களையும் அது விடவில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளோ, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பதவிக்கு வரக் கூடாது என்று விதித்தன.

இவற்றைக் கேட்டுப் பெருமை கொள்வதோடு நின்றுவிடக் கூடாது. அந்தச் சபைகளில் நிலமும் வேதக் கல்வியும் உடைய சிலருக்குத்தான் இடம் இருந்தது. நிலத்தை உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடம் இல்லை. இன்று வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சட்டம் செய்யப்பட்டது. சபை விரிந்துவிட்டது. ஆனால், சிறிய சபையில் இருந்த கட்டுப்பாடு இந்தப் பெரிய சபையில் இருக்கிறதா என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்று மன்றக் கூட்டங்களில் இரண்டு குறைகளைக் காண்கிறோம். காரணம் சொல்லாமல் எதிர்ப்பது ஒன்று. கேள்வி கேட்டவரையெல்லாம் எதிரி என்று கருதுவது மற்றொன்று. மானூர் விதி முதற்குறைக்கு மருந்து. உத்திரமேரூர் விதி இரண்டாவதற்கு மருந்து. கணக்கைக் கேட்பது பகையன்று. கேட்காமலே கணக்கைக் காட்டுபவரே நல்ல தலைவர்.

கட்சியைப் பற்றியும் ஒரு சொல். ஊராட்சித் தலைவர் தேர்தலும் சிற்றூர் வார்டு உறுப்பினர் தேர்தலும் நம் மாநிலத்தில் கட்சிச் சின்னம் இன்றி நடக்கின்றன. பேரூராட்சியிலோ கட்சிச் சின்னத்தில் போட்டியிடுகிறார்கள். ஆற்றங்கரையில் பேரூரும் சிற்றூரும் அடுத்தடுத்தே இருக்கின்றன. பேரூரின் சாக்கடை சிற்றூரின் வாய்க்காலில் கலக்கிறது. சிற்றூரின் உடைப்பு பேரூரின் தெருவை மூழ்கடிக்கிறது. ஒருவர் எந்தச் சின்னத்தில் வென்றார் என்று பார்த்து வெள்ளம் வருவதில்லை. ஆகையால், எல்லையோர ஊராட்சிகள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒன்றாக அமர்ந்து, தத்தம் ஊரின் நீர்ச் செய்தியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இனி, நாம் செய்யக் கூடியவற்றைச் சொல்லி முடிக்கிறோம். பெரும் பணம் வேண்டாத காரியங்கள் இவை.

முதலாவது, அறிவிப்புப் பலகை. ஊராட்சி அலுவலகச் சுவரில் பலகை இருக்கிறது. அதில் சென்ற ஆண்டுத் தாள் மழையில் நனைந்து தொங்குகிறது. மாதந்தோறும் வரவு, செலவு, நடந்துவரும் வேலை, அதை எடுத்தவர், முடிய வேண்டிய நாள் ஆகிய ஐந்தையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், யாரும் கேளாமலே பொதுத் தகவலை வெளியிடுவதை ஒரு கடமையாகவே வைத்திருக்கிறது. படிக்கத் தெரியாதவருக்காக அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். முன்னாளில் தண்டோராப் போட்டுச் சொன்னோம். குறிப்பிட்ட மக்களை இழிவுக்கு உள்ளாக்கிய வழக்கம் என்பதால் 2022-ஆம் ஆண்டில் அரசு அதைத் தடுத்து, ஒலிபெருக்கியைப் பயன்படுத்தச் சொன்னது. ஊருக்குச் செய்தி சொல்லும் வேலையில் எவர் தலையும் தாழ வேண்டியதில்லை.

இரண்டாவது, நீர்ப் பதிவேடு. மதகு திறந்த நாள், அடைத்த நாள், கடைமடைக்கு நீர் வந்த நாள், குளம் மறுகால் பாய்ந்த நாள் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பத்து ஆண்டு எழுதினால் அது பெரும் சொத்து. அதிகாரியிடம் மனுக் கொடுக்கும்போது, தண்ணீர் வரவில்லை ஐயா என்று சொல்வதைவிட, இத்தனை ஆண்டுகளில் இத்தனை நாள் தாமதம் என்று காட்டுவதற்கு எடை மிகுதி.

மூன்றாவது, வெள்ளக் குறிப்பு. 2023-இல் நீர் எந்த உயரம் வரை நின்றது என்பதைப் பள்ளிச் சுவரிலும் கோயில் மதிலிலும் கோடிட்டுக் காட்டுங்கள். தெருத்தோறும் முதியோர், நோயாளிகள், கருவுற்ற பெண்கள் யார் யார் என்று பட்டியல் வைத்திருங்கள். பள்ளிக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறது, குளக்கரையை இரவில் காப்பவர் யார் என்பது பத்துப் பேருக்காவது தெரிந்திருக்கட்டும். பட்டியலை ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்னே திருத்துங்கள்.

நான்காவது, சபைக் கூட்டம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாள்களில் கிராம சபை கூட வேண்டும் என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. அவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைய கூட்டத்தில் நீர்ப் பதிவேட்டை முதலிலிருந்து முடிவு வரை படியுங்கள். நகர்ப்புற அமைப்புகளிலும் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. அங்கும் இதைச் செய்யலாம். தீர்மானத்தை முன்னரே எழுதிவைத்து, வந்தவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கும் கூட்டம் சபையாகாது.

உழவர் பெருமக்களே! மடையைத் திறந்துவிட்டோம் என்று தலைமாட்டில் இருப்பவர் சொன்னால் நீங்கள் நம்பிவிடுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்காலோடு நடந்து, கடைசி வயலில் நீர் ஏறியதைக் கண்ட பிறகே வீடு திரும்புகிறீர்கள். ஊர்ச் செய்தியிலும் அப்படியே நடந்துகொள்ளுங்கள். மன்றத்தில் எடுத்த முடிவு கடைசித் தெருவின் கடைசி வீடு வரை சென்று சேர்ந்ததா என்று பாருங்கள். சேரவில்லை என்றால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. அதை எடுத்துவிடுவது நம் அனைவருடைய வேலை.