கூடிப் பயிலக் கூச்சம் களைவோம்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவையொட்டிக் கோவையில் கூடிய இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

  

விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு, இளைஞர் குழுக்களுக்கான அறிமுக ஆட்டங்கள் என்பதாகும். பிள்ளைகள் இவற்றை ‘ஐஸ் பிரேக்கர்’ என்பர். உறைந்த கடலில் பனிப்பாளத்தைப் பிளந்து வழி திறக்கும் கப்பலுக்கு வழங்கும் பெயர் அது. பனிக்கடல் அறியாத கொங்கு நாட்டில் நாம் இவற்றைக் கூச்சம் களையும் ஆட்டங்கள் என்று சொல்லிக்கொள்வோம். அறமுரைக்கும் மேடையில் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்திற்கு விடை சொல்லிவிட்டே ஆட்டங்களுக்குச் செல்ல விரும்புகின்றேன்.

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 7 கோடியே 21 இலட்சம் பேர். அவர்களுள் சமண சமயத்தார் 89,265 பேர். குசராத்து, இராசத்தான் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய அன்பர்களும் இத்தொகையில் அடங்குவர். ஆயிரம் பேர் கூடிய இடத்தில் நம்மவர் ஒருவர் இருப்பார் என்பதே இதன் பொருள். தமிழ்ச் சமணரை மட்டும் எண்ணினால் அந்த ஒருவரும் இல்லாத இடங்களே மிகுதி. வந்தவாசி, ஆரணி, போளூர், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் சமணர் தெரு உண்டு. அங்குப் பிறந்த பிள்ளைக்கு அண்டை வீடே சுற்றம். கோவைக்கும் திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் பணியின் பொருட்டு வந்து குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அத்தகைய தெரு இல்லை. அவர்கள் வகுப்பில் தனியர், விடுதியில் தனியர், பணியிடத்திலும் தனியர். ஒரே கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் இருவர், ஒருவரை ஒருவர் அறியாமலே படிப்பை முடித்துச் சென்றுவிடுவதும் இங்கு நேரக்கூடியதே.

ஆண்டில் நான்கைந்து முறை நாம் கூடுகின்றோம். அபிடேகம் நடைபெறுகின்றது; சொற்பொழிவு நடைபெறுகின்றது; உணவு பரிமாறப்படுகின்றது. பிள்ளைகள் பெற்றோர் அருகிலேயே அமர்ந்திருந்து, கைப்பேசியைப் பார்த்திருந்து, பெற்றோருடனேயே திரும்பிவிடுகின்றனர். அடுத்த கூடலுக்கு அழைத்தால், “அங்கு எனக்கு யாரைத் தெரியும்?” என்று கேட்கின்றனர். அக்கேள்வியில் பிழை ஏதும் இல்லை. நட்பு இல்லாத இடத்திற்கு இளைஞர் வருவதில்லை. இன்று வாராதவர் நாளை தம் பிள்ளைகளையும் அழைத்து வரமாட்டார். ஆகவே இது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து இவ்விழாவில் யார் அமர்ந்திருப்பர் என்பதைப் பற்றிய பேச்சாகும்.

இதற்கு வழிகாட்டத் தொலைவில் எவரையும் தேட வேண்டியதில்லை. நன்னூல் அருளிய பவணந்தி முனிவர் நம் சமயத்தவர். அவர் பிறந்த சனகை என்பது பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே என்று கொங்கு நாட்டார் போற்றி வருகின்றனர். சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்கப் பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் அவர் இயற்றிய அந்நூலின் பாயிரத்தில், ஒருவன் கல்வியை எவ்வாறு பெறுகின்றான் என்பதற்கு ஒரு கணக்குக் கூறுகின்றார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்கூறுதான். உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு காற்கூறு கிட்டும். எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும்.

இக்கணக்கை நம் இளைஞர் முகாம்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேடையிலிருந்து நாம் பேசுகின்றோம், அவர்கள் கேட்கின்றனர். எத்துணைச் சிறந்த சொற்பொழிவாயினும் அது முதற் காற்கூறு மட்டுமே. உடன் பயில்வோருடன் பழகும் காற்கூறுக்கும், பிறர்க்கு எடுத்துரைக்கும் அரைக்கூறுக்கும் நாம் நேரம் ஒதுக்குவதே இல்லை. முகம் அறியாதவரோடு எவரும் கூடிப் பயில இயலாது. கூசி நிற்பவர் எடுத்துரைக்கவும் இயலாது. கோடை மழைக்குப் பின் உழுது இறுக்கம் தளர்த்திய நிலத்தில்தானே கொங்கு நாட்டு உழவர் விதைக்கின்றனர்? கூச்சம் களையும் ஆட்டம் அந்த முதல் உழவு போன்றது.

ஆயினும் எல்லா ஆட்டமும் நமக்கு ஏற்றதன்று. நம் அணுவிரதங்களையே உரைகல்லாக வைத்து ஆட்டங்களைத் தெரிவு செய்யலாம்.

முதலாவது கொல்லாமை. கண் சிமிட்டிக் ‘கொலை’ செய்யும் ஆட்டம் ஒன்று முகாம்களில் ஆடப்படுகின்றது. விளையாட்டுக்காயினும் அது நமக்கு வேண்டா. இசை நாற்காலியும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அதில் முதலில் வெளியேறுபவர் பெரும்பாலும் மெல்ல நடப்பவரோ கூச்சமுடையவரோ ஆவர். எவருக்காக ஆட்டத்தைத் தொடங்கினோமோ அவரையே முதலில் ஓரத்தில் அமர்த்திவிடுகின்றோம். அதே ஆட்டத்தைச் சற்றே மாற்றலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாற்காலியை மட்டும் எடுத்துவிட்டு, ஆட்களில் ஒருவரையும் வெளியேற்றாதீர்கள். எஞ்சிய இருக்கைகளில் எல்லாரும் எவ்வாறேனும் இடம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே விதி. இருக்கை குறையக் குறையச் சிரிப்பு மிகும். இருபாலாரும் கலந்த அரங்கில் நெருக்கியமர்தல் சிலர்க்கு ஒவ்வாது. அங்கு நாற்காலிக்கு மாற்றாகத் தரையில் கயிற்று வளையங்களை இட்டு, ஒரு காலடி வைத்தாலே போதும் என்று விதிக்கலாம். வெளியிடத்தில் ஆடுவதாயின், எறும்புப் புற்றும் ஈரப்புல்லும் இல்லாத இடத்தை முன்னரே பார்த்து வைப்பது நம் நடைக்கவனத்திற்கு உகந்தது.

இரண்டாவது வாய்மை. ‘இரண்டு உண்மை, ஒரு பொய்’ என்னும் ஆட்டம் உலகெங்கும் பரவியுள்ளது. ஒருவர் தம்மைப் பற்றி மூன்று செய்திகள் சொல்வார். அவற்றுள் பொய் எது என்று மற்றவர் கண்டறிவர். முதல் அறிமுகத்திலேயே நம் பிள்ளைகளுக்குப் பொய்யில் பயிற்சி எதற்கு? ‘மெய் இரண்டு, விருப்பம் ஒன்று’ என மாற்றிக்கொள்வோம். இரண்டு செய்திகள் நிகழ்ந்தவை. ஒன்று நிகழ வேண்டும் என்று விரும்புவது. “நான் இரண்டு மொழிகளில் எழுதுவேன், மலையேறியிருக்கின்றேன், எனக்கு ஒரு தங்கை இருக்கின்றாள்.” இவற்றுள் விருப்பம் எது? தங்கையே விருப்பம் என்று தெரியவரும்போது, பொய்யைக் கண்டுபிடிக்கும் ஆட்டம் ஒருபோதும் தாராத நெருக்கம் அக்குழுவில் உண்டாகும்.

மூன்றாவது மிகுபொருள் விரும்பாமை. மதிப்பெண், தந்தையின் பணி, வீடு, ஊதியம், திருமணப் பேச்சு ஆகியவற்றைத் தொடும் கேள்வி எந்த ஆட்டத்திலும் இடம்பெறலாகாது. பரிசுப் பொருளும் வேண்டியதில்லை. விடை சொல்ல விரும்பாதவர் “பிறகு சொல்கின்றேன்” என்று விலகும் உரிமை எல்லாருக்கும் எப்போதும் உண்டு என்பதை ஆட்டம் தொடங்குமுன்பே அறிவித்துவிட வேண்டும்.

இனி, நம் கூடல்களுக்கு ஏற்ற சில ஆட்டங்களைச் சொல்கின்றேன்.

முதலில் ஊர்ப்படம். தரையில் கயிற்றால் தமிழ்நாட்டின் எல்லையைப் பெரிதாக இடுக. அரிசி மாவால் இட்டால் எறும்பு மொய்த்து மிதிபடும். ஆதலின் கயிறோ சுண்ணக்கட்டியோ போதும். சென்னை, கோவை, மதுரை என மூன்று ஊர்களைக் குறித்துவிட்டால் திசை விளங்கும். முதல் அறிவிப்பு: “உங்கள் தாத்தா பிறந்த ஊரில் சென்று நில்லுங்கள்.” பெரும்பாலோர் வடக்கு மூலையில் நெருங்கி நிற்பர். “நீங்கள் பிறந்த ஊர்” என்றதும் கூட்டம் கலையும். “இப்போது வாழும் ஊர்” என்றதும் மேற்கே வந்து சேர்வர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அருகில் நிற்பவரிடம் பெயரும் ஊரும் கேட்டறிய இரண்டு நிமிடம் தருக. “உங்கள் தாத்தாவும் வீடூரா? எங்கள் பாட்டி ஊரும் அதுதான்” என்ற பேச்சு தானே எழும், மாமன் முறை, அத்தை முறை என உறவுகள் வெளிப்படும். தாத்தாவின் ஊர் தெரியாத பிள்ளை அன்று மாலை வீட்டில் கேட்டறியும். இந்த ஆட்டத்திற்குப் பெரியோரும் வந்து நிற்கலாம்.

அடுத்தது பெயர்க் கும்மி. வட்டமாக நின்று கைதட்டிச் சுழலும் கும்மி கொங்கு மண்ணின் ஆட்டம். ஒருவர் தம் பெயரையும் தமக்குப் பிடித்த செயல் ஒன்றையும் தாளத்தில் சொல்ல, வட்டம் முழுவதும் அதைத் திருப்பிச் சொல்லிக் கைதட்ட வேண்டும். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொருவரும் தம் பெயரை இருபது முப்பது குரல்களில் ஒருசேரக் கேட்கின்றனர் என்பதே இதன் பயன்.

மூன்றாவது ஆட்டத்தைப் பவணந்தியாரே தருகின்றார். மாணாக்கரை அவர் எட்டு உவமைகளால் விளக்குகின்றார்: பாலை மட்டும் பிரித்துண்ணும் அன்னம், நிரம்ப மேய்ந்து பின் அசைபோடும் பசு, உழைப்புக்கேற்ற விளைவு தரும் மண், சொன்னதையே சொல்லும் கிளி, கொண்டதை ஒழுகவிடும் ஓட்டைக் குடம், செடிதோறும் சென்று நுனிமேயும் ஆடு, குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமை, கசடை வைத்துக்கொண்டு நெய்யை விட்டுவிடும் நெய்யரி. எட்டுப் படங்களை அரங்கின் எட்டு இடங்களில் ஒட்டி, “இந்த ஆண்டு நீங்கள் எவ்வகை?” என்று கேளுங்கள். ஆட்டின் அருகில்தான் பெருங்கூட்டம் சேரும் என்பது என் ஊகம். ஒருவர் தம்மைத் தாமே நகையாடலாம், பிறரைச் சுட்டலாகாது. இவ்விதி ஒன்றே போதும்.

நான்காவது முதுகு கண்ட ஓவியம். இருவர் முதுகுப்புறமாக அமர்வர். ஒருவர் கையில் எளிய படம் ஒன்று இருக்கும். அவர் சொல்லச் சொல்ல மற்றவர் காணாமலே வரைவார். முடிவில் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் அரங்கே நகைக்கும். “வட்டம் என்றுதானே சொன்னேன்?” “எவ்வளவு பெரிய வட்டம் என்று சொல்லவில்லையே!” ஒரே பொருள் நின்ற நிலைக்கேற்ப வேறுவேறாகத் தோன்றும் என்னும் அநேகாந்தவாதத்தை அதன் பின் விளக்கினால், ஒரு மணி நேரச் சொற்பொழிவு செய்யாததைப் பத்து நிமிடம் செய்யும்.

ஐந்தாவது பரமபதம். வடநாட்டுச் சமணர் இதனை ஞான சொக்கட்டானாக ஆடி வந்தனர். சித்தர் உலகை உச்சியில் கொண்டு, நற்குணங்களை ஏணியாகவும் தீக்குணங்களைப் பாம்பாகவும் அமைத்து, 84 கட்டங்களுடன் தீட்டிய பழம்பலகைகள் பல இன்றும் உள்ளன. நம் பிள்ளைகள் நால்வர் நால்வராகச் சேர்ந்து தமக்குரிய பலகையைத் தாமே வரையட்டும். தம் அன்றாட வாழ்வில் ஏணி எது, பாம்பு எது என்று அவர்கள் கலந்து பேசுவதே உண்மையான ஆட்டம். தாயக்கட்டை உருட்டுவது பிறகு.

நிறைவாக, விடுதி உரையாடல். நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதனையே. இருவருள் ஒருவர் கல்லூரித் தோழராக நடித்து, “ஏன் இருட்டியபின் உண்பதில்லை? கிழங்கு உண்டால் என்ன? நீங்கள் மார்வாடியா? தமிழில் பேசுகின்றீர்களே!” என்று கேட்பார். மற்றவர் இரண்டு நிமிடத்திற்குள், சினமின்றி, தற்பெருமையின்றி, தம் சொந்தச் சொற்களில் விடை சொல்ல வேண்டும். பின் இருவரும் இடம் மாறுவர். இக்கேள்விகள் நம் பிள்ளைகள் வெளியில் எதிர்கொள்பவை. விடை தெரியாமல் தலைகுனிந்தவர் சிலர். கேள்விக்கு அஞ்சி நோன்பையே விட்டவர் சிலர். அக்கேள்வி முதன்முறையாகத் தோழர் கூட்டத்தில், சிரிப்புக்கிடையில் வரட்டும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும் அந்த அரைக்கூறு இங்கேதான் தொடங்குகின்றது.

குழுவை நடத்துவோர்க்குச் சில குறிப்புகள். ஓர் ஆட்டம் பதினைந்து நிமிடத்தைக் கடக்க வேண்டா. ஐந்து அல்லது அறுவர் கொண்ட குழுவே பேசுவதற்கு ஏற்றது. உடன்பிறந்தாரையும் முன்பே நண்பரானோரையும் வெவ்வேறு குழுவில் அமர்த்துக. ஆங்கில வழியில் பயின்று தமிழில் தயங்கும் பிள்ளைகள் கலந்து பேசினால் திருத்த வேண்டா. திருத்தினால் அடுத்த சொல் வாராது. எல்லாவற்றையும் பிற்பகலிலேயே முடித்து, கதிரவன் மறையுமுன் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும்படி நேரத்தை வகுத்துக்கொள்க. அடுத்த முறை, விசயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயிலுக்கும் சீனாபுரத்திற்கும் ஒரே நாளில் சென்று வரலாம். பெருங்கதை பாடிய கொங்குவேளிர் வாழ்ந்த விசயமங்கலத்திலும், நன்னூல் ஆசிரியரைத் தன் மகன் எனப் போற்றும் சீனாபுரத்திலும் நின்று, ஊருக்குப் புதியவர் நாம் என்று எண்ணியிருந்த பிள்ளைகள், நம் முன்னோர் இங்கு நம்மினும் முந்தி வந்தவர் என்பதை அறிவர்.

அறங்காவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவின் நிகழ்ச்சி நிரலில், சொற்பொழிவுகளுள் ஒன்றைக் குறைத்து ஒரு மணி நேரத்தை இளைஞர்க்கு ஒதுக்குங்கள். குறைக்கும் சொற்பொழிவு என்னுடையதாயினும் மகிழ்வேன். இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று உணவுப் பந்தியில் பெற்றோர் அருகில் அமராமல், இதுவரை பெயர் அறியாத ஒருவர் அருகில் அமருங்கள். அவருடைய தாத்தாவின் ஊரைக் கேளுங்கள்.

எல்லா உயிரும் இன்புறுக.