வதந்தியும் வரியும்
(நாகர்கோவில் கூட்டத்தில் பேசியது)

"வண்டர்லா நம்ம ஊருக்கும் வருதாமே, வேலை கெடைக்குமா?" என்று தோவாளைத் தோழர் ஒருவர் எங்களிடம் கேட்டார். சாயாக்கடைப் பேச்சைத் தவிர இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் சென்னைக்கு அது வந்த கதையைச் சொல்கிறோம்.

கொச்சியில் 2000, பெங்களூரில் 2005, ஹைதராபாத்தில் 2016 என்று கேளிக்கைப் பூங்கா திறந்த கம்பெனி அது. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் நிலம் வாங்கிப் போட்டது. "இதோ வருகிறது, அதோ வருகிறது" என்ற பேச்சு பல ஆண்டுகள் நடந்தது. ஏன் வரவில்லை? ராட்டினம் கிடைக்கவில்லையா? அதெல்லாம் இல்லை. உள்ளாட்சிக்குச் சேரவேண்டிய 10 சதவீதக் கேளிக்கை வரியில் விலக்குக் கேட்டுக் காத்திருந்தது! சர்க்கார் 10 ஆண்டுகளுக்கு விலக்கு அளித்தது. 2025 டிசம்பரில் பூங்காவும் திறந்தது.

கேளிக்கைக்கு நாம் விரோதிகளல்ல. நம் பிள்ளைகளுக்கும் ராட்டினம் ஏற ஆசை உண்டு. டிக்கெட்டுக்கு எத்தனை நாள் கூலி போகும் என்பது வேறு கணக்கு. ஆனால் அந்த வரி, தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் ஆகவேண்டிய காசு.

வதந்தி கிளம்பினால் முதலில் வருகிறவர் நிலத் தரகர். பூங்கா வராமலே போகலாம். மண்ணடித்த வயலில் மறுபடி நாற்று நட முடியாது. ஆகவே கிராம சபையில் கேளுங்கள்: எந்த சர்வே நம்பர்? வரி உண்டா, விலக்கா? நிரந்தர வேலை எத்தனை, காண்டிராக்ட் எத்தனை? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.